சோப்பு நுரையும் தென்பெண்ணைத் தண்ணீரும்



ஓசூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குக் கெலவரப்பள்ளி அணையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் சேர்ந்து வருகிறது. பஞ்சுப் பொதி மாதிரி மிதக்கிறது. காற்றடித்தால் பறந்துபோய் ரோஜாத் தோட்டத்திலும் தக்காளிக் கொல்லையிலும் விழுகிறது. "இது என்னங்க, எங்கேயிருந்து வருது? இந்தத் தண்ணியைப் பாய்ச்சலாமா, கூடாதா?" இந்தக் கேள்வியைக் கேட்காத விவசாயி இந்தப் பக்கத்தில் இல்லை.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்தப் பதிலை நம்புவதற்கும், யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்கும், நுரையின் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். துணி துவைக்கும் சரக்கு எப்படி உண்டாயிற்று, எப்படி மாறிற்று, அந்த மாற்றம் ஆற்றை எப்படிப் பாதித்தது என்று முதலில் பார்ப்போம். கடைசியில் வயலுக்கு வருவோம்.

சாம்பலும் பூந்திக்கொட்டையும்

நம் பாட்டிமார் பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலையும் புளியையும் வைத்துக்கொண்டார்கள். துணிக்கு உவர்மண். சலவைத் தொழிலாளர்கள் புறம்போக்கு நிலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி வந்து கரைப்பார்கள். துணியை அதில் நனைத்து, வெள்ளாவியில் வைத்து அவித்து வெளுப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. சாம்பலில் இருப்பது அதற்குத் தம்பி முறையான பொட்டாஷ் உப்பு. இரண்டும் காரம். காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும்.

தலைக்குச் சீயக்காய். பட்டுக்கும் கம்பளிக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை. இவற்றை ஊறவைத்துக் கசக்கினால் நுரை வருகிறது இல்லீங்களா? அதற்குக் காரணம் சப்போனின் என்ற பொருள். மரமே செய்து கொடுத்த சலவைச் சரக்கு அது.

இந்தச் சலவைச் சரக்கு எப்படி வேலை செய்கிறது? விவசாயிக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முட்டைக்கோஸ் இலைமேல் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். இலைமேல் உள்ள மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. அதே தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்துத் தெளித்தால், இலை முழுதும் பரவி ஒட்டிக்கொள்ளும். மருந்து தெளிக்கும்போது ஒட்டும் திரவம் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சோப்பின் மிகச் சிறிய துகளுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். துணியில் உள்ள எண்ணெய் அழுக்கை வால் கவ்விக்கொள்ளும். தலை அதைத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகும். சீயக்காய் முதல் இன்றைய சலவைத்தூள் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தத் தலையும் வாலும்தான். நுரை இந்த வேலையின் பக்க விளைவு. நுரை நிறைய வந்தால் அழுக்கு நிறையப் போகும் என்பது வெறும் நம்பிக்கை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூந்திக்கொட்டைச் சாற்றைக் குட்டையில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். மரத்தில் காய்த்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருள் சாது ஆகிவிடாது. ஆனால் மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் சப்போனினைத் தின்று தீர்த்துவிடும். இந்தத் "தின்று தீர்ப்பது" என்ற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நுரையின் கதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

எண்ணெயிலிருந்து கட்டி சோப்பு

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. இதை ஐரோப்பாவில் பெரிய தொழிலாக ஆக்கினார்கள். 1888-ல் இங்கிலாந்தில் செய்த சன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. பிறகு நம் நாட்டிலேயே செய்யும் முயற்சிகள் பிறந்தன. பழைய சென்னை மாகாணத்தில் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் 1914-ல் கோழிக்கோட்டில் அரசாங்க சோப்பு நிலையம் ஏற்பட்டது. மைசூர் சமஸ்தானத்தில் முதல் உலகப் போர் வந்ததும் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டது. கட்டை தேங்கிக் கிடந்தபடியால் அங்கேயே எண்ணெய் வடிக்க ஆரம்பித்தார்கள். அதைத் தொடர்ந்து ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூரில் அரசாங்க சோப்புத் தொழிற்சாலை உண்டாயிற்று. மைசூர் சாண்டல் சோப்பு அப்படிப் பிறந்ததுதான்.

அந்தக் காலத்துச் சோப்புக்குக் கச்சாப் பொருள் விவசாயி கொடுத்தது. தேங்காய், வேம்பு, புங்கம், இலுப்பை என்று எல்லாம் நம் நிலத்திலும் வரப்பிலும் விளைந்தவை. சாப்பாட்டுக்கு உதவாத எண்ணெய்களிலிருந்து சோப்பு செய்வதைக் கதர் கிராமத் தொழில் கமிஷன் பின்னாளில் ஊக்குவித்தது. வேப்பங்கொட்டை பொறுக்கி விற்ற கிராமத்துப் பெண்களுக்கு அதில் நாலு காசு கிடைத்தது.

ஆனால் கட்டி சோப்புக்கு இரண்டு குறைகள். ஒன்று, உப்புத் தண்ணீரில் அது வேலை செய்யாது. நம் பக்கத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரை வராமல் திரிதிரியாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, சோப்புக்குப் போகும் எண்ணெயில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு வேண்டியது. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தால் சோப்புக்கும் தட்டுப்பாடு வரும்.

மண்ணெண்ணெயிலிருந்து சலவைத்தூள்

இந்தத் தட்டுப்பாடுதான் புதுச் சரக்கைக் கொண்டுவந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த போரில் ஜெர்மனிக்குக் கொழுப்பும் எண்ணெயும் கிடைக்கவில்லை. அந்த நாட்டு விஞ்ஞானிகள் நிலக்கரியிலிருந்து கிடைத்த பொருள்களை வைத்து எண்ணெய் இல்லாத சலவைச் சரக்கைத் தயாரித்தார்கள். முதலில் வந்தது அழுக்கைச் சரியாக நீக்கவில்லை. பிறகு படிப்படியாகத் திருத்தினார்கள். 1946-ல் அமெரிக்காவில் டைடு என்ற சலவைத்தூள் வந்தது. செயற்கைச் சலவைச் சரக்கோடு பாஸ்பேட்டையும் அதில் சேர்த்திருந்தார்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைப் பாஸ்பேட் கட்டிப்போட்டுவிடும். அதனால் உப்புத் தண்ணீரிலும் துணி வெளுத்தது. வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதை மறுக்க முடியாது.

நம் நாட்டில் சர்ஃப் 1959-ல் வந்தது. அது வசதி உள்ளவர்களுக்கு எட்டிய பொருள். 1969-ல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் என்ற ரசாயனம் படித்த அரசு ஊழியர், வீட்டிலேயே தூளைக் கலந்து சைக்கிளில் வைத்து விற்க ஆரம்பித்தார். அதுதான் நிர்மா. பெரிய கம்பெனித் தூள் கிலோ 13 ரூபாய்க்கு விற்றபோது இவர் 3 ரூபாய்க்குக் கொடுத்தார். அதில் சோடா உப்பு அதிகம், மற்ற சாமான்கள் குறைவு. கை எரிந்தாலும் விலை கட்டியது. கிராமம் கிராமமாகச் சலவைத்தூள் போய்ச் சேர்ந்ததற்கு அந்த விலைதான் காரணம்.

நம் தமிழ்நாட்டிலும் இந்தச் சரக்கு தயாராகிறது. சென்னைக்கு வடக்கே மணலியில் தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் என்ற கம்பெனி இருக்கிறது. ஸ்பிக் நிறுவனமும் அரசாங்கத்தின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது. அங்கே மண்ணெண்ணெயிலிருந்து நேரான சங்கிலி போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, பென்சீனோடு சேர்த்து, லாப் என்ற எண்ணெயைச் செய்கிறார்கள். அதோடு கந்தகத்தைச் சேர்த்தால் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான திரவம் வரும். சோப்பு ஆயில் செய்யும் சிறு தொழில்காரர்கள் "ஆசிட் ஸ்லரி" என்று கேனில் வாங்கி வருவது அதுதான். அதைச் சோடா உப்போடு சேர்த்தால் சலவைத்தூளின் உயிர் தயார். சாதாரணத் தூளில் இந்த உயிர்ச் சரக்கு 100-க்கு 10 முதல் 20 பங்குதான். மீதி சோடா உப்பு, நிரப்பு உப்பு, கொஞ்சம் வாசனை, வெண்மை காட்டும் பொருள் போன்றவை.

ஆக, வேப்பங்கொட்டையும் தேங்காயும் இருந்த இடத்தில் மண்ணெண்ணெய் வந்து உட்கார்ந்தது. விவசாயி ஒரு சந்தையை இழந்தார். ஆனால் சமையல் எண்ணெய் மிச்சமாயிற்று. இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

முள் கிளையும் கரும்பும்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலை மலையாக மிதந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களிலேயே தொட்டிகள் நுரையில் மூழ்கின. சில ஊர்களில் குடிதண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் நுரை வந்தது. இன்று நாம் கெலவரப்பள்ளியில் பார்ப்பதை அவர்கள் அன்றே பார்த்தார்கள்.

விஞ்ஞானிகள் ஆராய்ந்ததில் காரணம் வாலில் இருப்பது தெரிந்தது. அன்றைய சரக்கின் வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. வேலிகாத்தான் முள் கிளையை மாட்டுக்கு முன்னால் போட்டால் தின்னுமா? கரும்புத் தோகையைப் போட்டால் நறுக்கென்று கடித்துத் தின்றுவிடும். நுண்ணுயிர்களும் அப்படித்தான். கிளை வாலை அவற்றால் கடிக்க முடியவில்லை. நேரான வாலாக இருந்தால் ஒரு முனையிலிருந்து தின்றுகொண்டே போய்த் தீர்த்துவிடும்.

மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. 1964 அக்டோபர் முதல், நுண்ணுயிர் தின்று தீர்க்க முடியாத சரக்கை விற்கக் கூடாது என்று ஆயிற்று. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965-க்குள் நேர்வால் சரக்குக்கு மாறின. ஆறுகளில் நுரை குறைந்தது. மணலியில் இன்று செய்வதும் இந்த நேர்வால் சரக்குதான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த மக்கள் குரல் கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டார்கள். அரசாங்கம் சட்டம் போட்டது. தொழிற்சாலை தன் சமையல் குறிப்பை மாற்றிக்கொண்டது. துணி துவைப்பது நிற்கவில்லை. "இது இப்படித்தான் இருக்கும், ஒண்ணும் செய்ய முடியாது" என்பது சரியல்ல என்று அந்த அனுபவமே காட்டுகிறது.

அடுத்த தொல்லை பாஸ்பேட். இது வேறொன்றும் இல்லை, நீங்கள் வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள அதே மணிச்சத்துதான். வயலில் போட்டால் பயிர் வளரும். ஏரியில் விழுந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் வளரும். அவை செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். மீன் சாகும். அமெரிக்காவும் கனடாவும் தங்கள் பெரிய ஏரிகளைக் காப்பாற்ற 1972-ல் உடன்படிக்கை செய்துகொண்டு மணிச்சத்து வருவதைக் குறைக்க ஏற்பாடு செய்தன. ஐரோப்பிய நாடுகளில் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு 2013-ல் கடும் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பதிலாக ஜியோலைட் என்ற களிமண் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அதுவும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், பாசியை வளர்க்காது. சாக்கடையில் மணிச்சத்து சோப்பிலிருந்து மட்டும் வருவதில்லை, மனிதக் கழிவிலிருந்தும் வருகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

நம் ஆற்றில் ஏன் நுரை?

நேர்வால் சரக்கு வந்த பிறகும் நம் ஆற்றில் ஏன் நுரை என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. பெங்களூர் நகரத்துக் கழிவுநீரில் பெரும்பங்கு பெல்லந்தூர் ஏரியிலும் வர்த்தூர் ஏரியிலும் சேர்ந்து, அங்கிருந்து வழிந்து இந்த ஆற்றில் கலந்தது. கொடியாளம் பக்கம் ஆறு நம் மாநிலத்துக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. 44.28 அடி கொள்ளும் இந்த அணை ஏறக்குறைய 8,000 ஏக்கருக்குப் பாசனம் கொடுக்கிறது. 2015-ல் பெல்லந்தூர் ஏரி நுரை தீப்பிடித்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

நேர்வால் சரக்கை நுண்ணுயிர்கள் தின்னும் என்று சொன்னேன். ஆனால் அவை தின்ன வேண்டுமானால் காற்று வேண்டும். பிராணவாயு இல்லாத தண்ணீரில் கரும்பும் முள் கிளையும் ஒன்றுதான். வாயைக் கட்டிய மாட்டுக்கு முன்னால் எதைப் போட்டால் என்ன? சாக்கடையும் ஆகாயத்தாமரையும் மூடிய ஏரியில் பிராணவாயு இருப்பதில்லை. சலவைச் சரக்கு அழியாமல் சேற்றோடு ஒட்டி அடியில் படிகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் பெல்லந்தூரில் ஆராய்ந்து சொன்னதும் இதுதான். பெருமழை பெய்தால் வெள்ளம் சேற்றைக் கலக்குகிறது. தேங்கியிருந்த சரக்கு மேலே வருகிறது. தண்ணீர் மதகிலிருந்து விழும்போது காற்றோடு அடிபட்டு நுரைக்கிறது. மோர் கடைந்தால் நுரை வருகிற மாதிரிதான்.

ஆகவே தப்பு முழுவதும் சோப்பில் இல்லை. சாக்கடையைக் காற்றூட்டிச் சுத்தம் செய்யாமல் ஏரியில் விடுவதில்தான் பெரிய தப்பு இருக்கிறது. இது பெங்களூருக்கு மட்டும் சொல்வதல்ல. நம் ஊர்ச் சாக்கடை எந்த ஏரியில் விழுகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பாய்ச்சலாமா, கூடாதா?

இப்போது வயலுக்கு வருவோம். நுரை பறக்கும் புதுவெள்ளத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் அந்தச் சில நாள்களை அதை வைத்து ஓட்டுங்கள். பிறகு எடுக்கும்போதும் நேரே வயலுக்கு விடாமல், பண்ணைக்குட்டையில் விட்டு, கல் அடுக்கிய வாய்க்காலில் சலசலவென்று ஓடவிட்டுப் பாய்ச்சினால் நல்லது. காற்றுப் படப் பட நுண்ணுயிர்கள் வேலை செய்யும்.

பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி போன்றவற்றுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். தெளிப்பு நீராகவும் விட வேண்டாம். நுரையில் சாக்கடைக் கிருமிகளும் இருக்கும். குழந்தைகளை நுரையில் விளையாட விடாதீர்கள். மாடுகளைக் குடிக்கவும் குளிக்கவும் இறக்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் வெறுங்காலோடு மடை மாற்றப் போகாதீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முக்கியமாக மொத்த உப்பு, சோடியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சோடா உப்பு நிலத்தில் சேர்ந்தால் மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. பாட்டிமார் காலத்து உவர்மண்ணை நாமே நம் வயலில் உண்டாக்கிவிடக் கூடாது. ஜிப்சம் போடலாமா, எவ்வளவு போடலாம் என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மாதிரித் தண்ணீர் எடுக்கும் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்தால் போதும்.

கழிவுநீர் கலந்த தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏற்கெனவே இருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் வழக்கம்போல யூரியா போட்டால் தக்காளி இலையாகத் தழைக்கும், காய் குறையும், பூச்சியும் சேரும். உரச் செலவை மண் பரிசோதனைப்படி குறைக்கலாம்.

மருந்து தெளிக்க இந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு நல்ல தண்ணீர் 1 லிட்டருக்கு வேப்பெண்ணெய் 30 மில்லி, ஒட்டும் திரவம் 1 மில்லி போதும். கூடுதலாகப் போட்டால் இலையின் மெழுகு கரைந்து இலை கருகும். ஒட்டும் திரவத்துக்குப் பதிலாகச் சலவைத்தூளைப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதில் உள்ள சோடா காரம் இலைக்கு ஆகாது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நுரை நிறைய வரட்டும் என்று தூளை அள்ளிப் போடாதீர்கள். அளவாகப் போட்டு ஊறவைத்தாலே அழுக்குப் போகும். பாஸ்பேட் இல்லாதது என்று எழுதிய பொட்டலம் கிடைத்தால் அதை வாங்குங்கள். முதல் அலசு தண்ணீரில் காரம் அதிகம். அதை ஒரே வாழையடியில் தினமும் கொட்டாமல், அடுத்த அலசு தண்ணீரை மட்டும் வாழைக்கும் தென்னைக்கும் மாற்றி மாற்றி விடுங்கள்.

கடைசியாக, கிராம சபையிலோ விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ பேசும்போது, "நுரை வருகிறது, நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் நுரைமேல் தண்ணீர் தெளித்து அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நுரை அமுங்கும், சரக்கு தண்ணீரிலேயே இருக்கும். மேலே உள்ள நகரங்களும் நம் ஊர்களும் சாக்கடையைக் காற்றூட்டிச் சுத்தம் செய்த பிறகே விடவேண்டும் என்று கேளுங்கள். கொடியாளத்தில் எடுக்கும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைப் பாசன விவசாயிகளுக்குத் தமிழில் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். காரணம் தெரிந்து கேட்கும் விவசாயியின் மனுவைத் தள்ளிவைப்பது கஷ்டம்.

தண்ணீர், மண் பரிசோதனை பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்து கேளுங்கள். வரும்போது பாட்டிலில் தண்ணீரும் கொண்டு வாருங்கள்.